புதுசா யூனிட்டுக்குப் போற லெப்டினென்ட்டை ஜவானுங்க எதை வச்சு நம்புவாங்க? சர்வீஸ்ல இருந்தவங்க சொல்லுங்க

பரதராமி_பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்துலருந்து சித்தூர் போற ரோட்ல பரதராமி எங்க ஊரு, பார்டருக்கு இந்தப் பக்கம். பரங்கிமலை ஓடிஏ-ல (ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமி) ட்ரெயினிங் முடிச்சு பாஸ் அவுட் ஆயிட்டேன், இப்ப லீவுல வீட்ல இருக்கேன், முடிஞ்சதும் யூனிட்ல ஜாயின் பண்ணணும். எந்த ரெஜிமென்ட், எங்க போஸ்டிங்னு இங்க போட மாட்டேன். வடக்கத்திப் பசங்க நிறைஞ்ச இன்ஃபன்ட்ரி யூனிட்னு மட்டும் வச்சுக்கங்க.

விஷயம் இதான். எனக்கு கீழ வரப்போற முப்பது சொச்சம் பேர்ல பாதிப் பேர் என்னை விட வயசுல பெரியவங்க, ஜேசிஓ சாபுக்கு (ஜவானா சேந்து படிப்படியா மேல வந்த சுபேதார் மாதிரி ஆளு) எங்க நைனா வயசு இருக்கும், அவர் பட்டாளத்துல சேர்ந்தப்ப நான் பொறக்கவே இல்ல. அவர் முன்னாடி போய் நின்னு நான் என்னத்த ஆர்டர் போட? தோள்ல ரெண்டு ஸ்டார் இருக்கு, சல்யூட் அடிப்பாங்க, ஆனா அந்த சல்யூட் ஸ்டாருக்குத்தானே.

அகாடமில எங்களுக்கு திரும்பத் திரும்ப சொன்ன ரெண்டு பேரு மேஜர் பரமேஸ்வரன், மேஜர் முகுந்த் வரதராஜன், ரெண்டு பேருமே இதே ஓடிஏ-லருந்து போனவங்க. பரமேஸ்வரன் சார் 1987 நவம்பர் 25 யாழ்ப்பாணத்துல நெஞ்சுல குண்டு வாங்கிட்டு, சுட்டவன் துப்பாக்கியையே புடுங்கி அவனை சுட்டுட்டு, உயிர் போற வரைக்கும் ஆர்டர் குடுத்துட்டே இருந்தாராம். முகுந்த் சார் 2014 ஏப்ரல்ல காஷ்மீர் ஷோபியான்ல தீவிரவாதிங்களோட நடந்த சண்டையில போனாரு. கேக்கும்போது புல்லரிக்குது, சரி. ஆனா அதெல்லாம் ஒரு ராத்திரி, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துல பின்னாடி இருக்கறவன் தயங்காம கூட வரணும்னா அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல ஏதோ நடந்திருக்கணும் இல்லையா, அந்த ஏதோ என்னன்னுதான் கேக்கறேன்.

பாஷை பெரிய பயம் இல்ல, வீட்ல தமிழ், சந்தையில தெலுங்குன்னு வளர்ந்தவன், ஹிந்தி ஓரளவு ஓட்டிடுவேன். டேராடூன் மிலிட்டரி அகாடமி செட்வுட் ஹால் வாசகம் எங்களுக்கும் மனப்பாடம் (நாடு முதல்ல, உன் ஆளுங்க அடுத்து, நீ கடைசி), அதனால லீடர்ஷிப் கிளாஸ் மாதிரி யாரும் ஆரம்பிச்சிடாதீங்க ப்ளீஸ். நேர்ல பாத்தது இருந்தா சொல்லுங்க.

எக்ஸ்_சுபேதார்_கம்மவான்பேட்டை:

தம்பி வாழ்த்துக்கள். யூனிட் பேரை போடாம கேட்டியே, நல்ல பழக்கம், அப்படியே வச்சுக்க. இங்க தம்பின்னு கூப்பிட்டுக்கறேன், யூனிட்ல இருந்தா உங்க நைனா வயசுக்காரன் நானே உன்னை சாப்னுதான் சொல்லணும், சொல்லுவோம், அதுல எங்களுக்கு ஒண்ணும் கவுரவக் குறைச்சல் கிடையாது, நீ கூச்சப்பட்டாதான் எங்களுக்கு கஷ்டம்.

நான் மதராஸ் ரெஜிமென்ட். நீலகிரி வெலிங்டன்ல ரெக்ரூட்டா போயி சுபேதாரா வெளிய வந்தவன். எங்க ஊரை மிலிட்டரி கிராமம்னு பேப்பர்ல போடுவாங்க, பொய் இல்ல, வீட்டுக்கு ஒருத்தன்னாவது போயிருப்பான். அதனால இந்தக் கேள்வி எங்க ஊர் டீக்கடையில தினமும் ஓடற கேள்விதான், எந்த சாப் நல்லவரு எவன் மோசம்னு முப்பது வருஷம் கழிச்சும் பேசினு இருப்பாங்க. அதுல ஒண்ணு கவனிச்சிருக்கேன், எவனும் 'அவர் நல்லா சுடுவாரு', 'அவர் நல்லா இங்கிலீஷ் பேசுவாரு'ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. 'என் லீவை வாங்கிக் குடுத்தாரு', 'என் நிலத்துக்கு லெட்டர் போட்டாரு', இப்படித்தான் பேச்சு வரும்.

லீவுன்னா சாதாரணமா நினைக்காத. நம்ம பக்கம் வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு. அந்தக் காலத்துல தந்திதான், போன் ஏது. சிரசுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க கம்பெனிக்கு, அதாவது நூத்தி சொச்சம் பேர் இருக்கற பிரிவுக்கு, தந்தியா வரும், 'அம்மா சீரியஸ் உடனே வரவும்'. நம்ம ஜில்லா பசங்க எத்தனை பேரோ அத்தனை அம்மாவும் மே மாசத்துலதான் சீரியஸ் ஆவாங்க. ஆபீசருங்களுக்கும் தெரியும், கிளார்க்குக்கும் தெரியும், சிரிப்பாங்க. ஒரு வருஷம் அதே மே மாசம் ஒரு பையனுக்கு தந்தி வந்துச்சு, லீவு கோட்டா முடிஞ்சுபோச்சு, ஹவில்தாரே அவனை நம்பல. கம்பெனி கமாண்டர் தந்தியை படிச்சாரு, பையனை ஒரு தடவை ஏற இறங்க பாத்தாரு, 'இங்கருந்து காட்பாடிக்கு எத்தனை நாள் ஆவும்'னு மட்டும் கேட்டாரு. பையன் சொன்னான். உடனே கையெழுத்து. சம்பளம் வர இன்னும் நாள் இருக்குன்னு அவருக்கே ஞாபகம் வந்து கம்பெனி ஃபண்ட்லருந்து ரூபா எடுத்துக் குடுக்கச் சொன்னாரு, லங்கர்ல (ஜவானுங்க சமையல்கட்டு) பூரியும் சப்ஜியும் பொட்டலம் கட்டிக் குடுக்கச் சொன்னாரு, ஸ்டேஷன் வரைக்கும் ரேஷன் வண்டியில ஏத்தி விட்டாரு. அவன் ஊர் போயி சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க, ஆனா காரியத்துக்கு இருந்தான். இங்க கேளு, அந்த தந்தி பொய்யா இருந்திருந்தாலும் அவர் பண்ணது சரிதான்னு நாங்க பேசிக்கிட்டோம். பத்துல ஒன்பது பேர் ஏமாத்துவான்னு தெரிஞ்சும் பத்தாவது ஆளுக்காக கையெழுத்து போடறவன்கிட்ட ஏமாத்தறதுக்கு மனசு வராது. அடுத்த வருஷம் சிரசுக்கு எங்க கம்பெனிக்கு தந்தி வந்தது ரொம்ப கம்மி.

அப்பால நிலம். ஜவான் சியாச்சின்ல இருந்தாலும் அவன் மனசு ஊர்ல வரப்புல கீது. பங்காளி வரப்பை அரை அடி நகர்த்திட்டான்னு பொண்டாட்டி லெட்டர் போட்டா அன்னிக்கு ராத்திரி சென்ட்ரி டூட்டியில அவன் எதிரியை பாக்க மாட்டான், பங்காளி மூஞ்சிதான் தெரியும். எனக்கே அப்படி ஒண்ணு வந்துச்சு. வீடு இந்தப் பக்கம், நிலம் சித்தூர் ஜில்லாவுல, இங்க போனா அங்க போ, அங்க போனா இங்க போன்னு எங்க பெரியண்ணனை அலைய விட்டாங்க. எங்க சிஓ (யூனிட்டோட கமாண்டிங் ஆபீசர்) ரெண்டு கலெக்டருக்கும் தனித்தனியா லெட்டர் போட்டாரு, பட்டாளத்துக்காரங்க குடும்பத்தைப் பாத்துக்கற சைனிக் போர்டுக்கு ஒரு காப்பி. அந்த லெட்டரால என்ன பலன் வந்துச்சுங்கறது ரெண்டாவது விஷயம், டைப் அடிச்ச காப்பியை என்கிட்ட குடுத்து 'வீட்டுக்கு அனுப்பு, உன் வைஃப் பாக்கட்டும்'னு சொன்னாரு. அதை லேமினேட் பண்ணி இன்னிக்கும் பீரோவுல வச்சினு இருக்கா.

இன்னும் சின்ன சின்னதா நிறைய. ரூட் மார்ச் முடிஞ்சதும் பூட்ஸை கழட்டச் சொல்லி ஒவ்வொருத்தன் காலையும் நீயே உக்காந்து பாரு, கொப்புளம் யாருக்கு, சாக்ஸ் யாருக்கு கிழிஞ்சிருக்குன்னு. ஆர்டர்ல இருக்கற விஷயம்தான், நிறைய பேர் நின்னுக்கிட்டே தூரத்துலருந்து பாப்பாங்க. ஃபீல்டுல சாப்பாடு உன் ஆளுங்க கடைசி ஆள் வாங்கின பின்னாடி நீ தட்டை நீட்டு. தப்பு பண்ணவனை விட்டுடாத, சிஓ முன்னாடி விசாரணைக்கு மார்ச் அப் பண்ணி 28 நாள் உள்ள போனாலும் போகட்டும், ஆனா அவன் நல்லது என்ன பண்ணியிருக்கான்னும் அங்க நீதான் சொல்லணும். நாயக்கையோ ஹவில்தாரையோ அவன் செக்ஷன் பசங்க முன்னாடி மட்டும் கத்திடாத. அது போச்சுன்னா போச்சு.

கடைசியா மேல பேசறது. கீழ இருக்கறவன் நீ அவன்கிட்ட எப்படி பேசறேன்னு பாக்கறத விட நீ உனக்கு மேல இருக்கறவன்கிட்ட எப்படி பேசறேன்னுதான் பாப்பான். ஆர்மி சீஃபா இருந்த மானெக்ஷா சாப் 1971 ஏப்ரல்ல இந்திரா காந்தி அம்மாகிட்ட, கேபினட்டே உக்காந்திருக்கறப்ப, இப்ப கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போக முடியாது, ஆர்மி ரெடி இல்ல, மழை வரப்போவுதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. டைம் வாங்கினாரு. டிசம்பர் 3 ஆரம்பிச்ச சண்டை 16-ம் தேதி முடிஞ்சுது, 93,000 பேரு சரண்டர். அவசரப்பட்டு மே மாசமே அனுப்பியிருந்தா சேத்துல சாவப்போறது யாரு, நாங்கதானே. கடைசி காலத்துல குன்னூர்லதான் இருந்தாரு, வெலிங்டன் ஆஸ்பத்திரியிலதான் 2008-ல போனாரு, எங்க ரெஜிமென்ட் ஆளுங்களுக்கு அவர் வீட்டு ஆளு மாதிரி.

பேர்ணாம்பட்டு_டிரைவர்:

சுபேதார் சாப் சொல்றது எல்லாம் கரெக்ட், ஆனா அவர் நல்ல ஆபீசர்கிட்ட மாட்டியிருக்கார். நான் ஏஎஸ்சி-ல (ஆர்மி சப்ளை பிரிவு) வண்டி ஓட்டினவன், விதவிதமான யூனிட்டுக்கு ரேஷன் தூக்கிட்டுப் போனவன், அதனால பல சாபுங்களை தூரத்துலருந்து பாத்திருக்கேன். தம்பி ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, சீன் போடாத. ஒரு இடத்துல, பேரு வேணாம், படாகானாவுல (யூனிட்டே சேந்து சாப்பிடற விருந்து) பெரிய சாப் வந்து கரண்டியை பிடிச்சு ஜவானுங்களுக்கு பரிமாறினாரு, போட்டோ எடுத்தாங்க, நாலாவது ஆளுக்கு ஊத்தறதுக்குள்ள கரண்டியை குக்கு கையில குடுத்துட்டு மெஸ்ஸுக்கு போயிட்டாரு. அந்த நாலாவது ஆளு தட்டை நீட்டினது நீட்டினபடி நின்னான். அன்னிக்கு ராத்திரி பேரக்ல என்ன பேசினாங்கன்னு இங்க எழுத முடியாது, மாடரேட்டர் தூக்கிடுவார். வராமலே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.

அதுக்கு நேர் எதிரா பிரிகேடியர் உஸ்மான். 1947 டிசம்பர்ல காஷ்மீர்ல ஜங்கர்ங்கற ஊரு கையை விட்டுப் போச்சு, அதை திரும்ப பிடிக்கற வரைக்கும் கட்டில்ல படுக்க மாட்டேன்னு சொல்லிட்டு நவுஷேரா குளிர்ல தரையில பாயைப் போட்டு படுத்தாரு. மார்ச்ல ஜங்கரை பிடிச்ச பின்னாடிதான் கட்டில். ஜூலை 3, 1948 அதே ஜங்கர்ல ஷெல் விழுந்து போயிட்டாரு. இதையும் சீன்னு சொல்லலாம் இல்ல? பாயில படுக்கறதால ஊரு திரும்ப வந்துடுமா? ஆனா தினம் ராத்திரி, யாரும் போட்டோ எடுக்காதப்பவும், மாசக்கணக்குல படுத்தா அது வேற. ஜவான் முட்டாள் இல்ல, ஒரு வாரத்துல எடை போட்டுடுவான்.

அதே சமயம் பாசம் பாசம்னு ரொம்ப இளகிடாத. பர்மா சண்டையில ஸ்லிம்னு ஒரு ஜெனரல், 14-வது ஆர்மி, நம்ம ஊர் தாத்தாங்க நிறைய பேர் அவர் கீழ போனவங்கதான். முன்னாடி இருக்கற ஆளுங்களுக்கு அரை ரேஷன்னா தன் ஹெட்குவாட்டர்ஸுக்கும் அரை ரேஷன் போட்டவரு. உருதுவும் கூர்க்காலியும் பேசுவாரு. எல்லாரும் சொல்ற கதை இது வரைக்கும்தான். மீதி என்னன்னா அங்க குண்டை விட மலேரியாதான் ஆளைத் தின்னுச்சு, 1943-ல காயம்பட்டு ஒருத்தனை பின்னாடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நோய்ல 120 பேரை அனுப்ப வேண்டியிருந்துச்சு. மெபாக்ரின்னு ஒரு மாத்திரை, கசப்பு, தோல் மஞ்சளா ஆவும், ஆண்மை போயிடும்னு வதந்தி வேற, பசங்க வாயில போட்டு துப்பிடுவானுங்க. ஸ்லிம் திடீர்னு யூனிட்டுக்கு ஆளை அனுப்பி மொத்த பேரையும் செக் பண்ணுவாரு, நூத்துக்கு 95 பேராவது மாத்திரை போட்டிருக்கலன்னா கமாண்டிங் ஆபீசரோட சீட்டைக் கிழிச்சிடுவாரு. மூணு பேரை அப்படி தூக்கினாரு, அதுக்கப்புறம் எல்லாரும் வழிக்கு வந்தாங்க. ஜவானை ஒண்ணும் பண்ணல பாரு, அவனை கவனிக்காத ஆபீசரை தூக்கினாரு. அந்த ஆளைத்தான் பசங்க 'அங்கிள் பில்'னு கூப்பிட்டானுங்க.

கோட்டை_அகழி:

பட்டாளத்துல இருந்ததில்ல, வேலூர்க்காரன், ஹிஸ்டரி கொஞ்சம் படிப்பேன், அவ்ளோதான். எல்லாரும் நல்ல உதாரணமா சொல்றீங்க, நான் மோசமான உதாரணம் ஒண்ணு சொல்றேன், அதுவும் நம்ம வீட்டு வாசல்ல நடந்தது. தம்பி, லீவு முடியறதுக்குள்ள ஒரு நாள் கோட்டைக்குள்ள போய் சுத்திட்டு, வெளிய மக்கான் பக்கத்துல நிக்கிற நினைவுத் தூணையும் பாத்துட்டு வா.

1806 வேலூர் புரட்சின்னா ஸ்கூல்ல ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க, தலைப்பாகை, தோல், அவ்ளோதான்னு. உள்ள போய் பாத்தா ஒரு ராணுவத்துல நம்பிக்கை படிப்படியா எப்படி போச்சுன்னு அப்படியே தெரியும். மெட்ராஸ் ஆர்மி கமாண்டர் இன் சீஃப் சர் ஜான் கிரடாக், ஊருக்குப் புதுசு, எல்லாரும் ஒரே மாதிரி பளிச்சுனு இருக்கணும்னு ஆசை. யூனிஃபார்ம்ல இருக்கும்போது நெத்தியில நாமமோ விபூதியோ கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி எடு, மீசை எல்லாருக்கும் ஒரே அளவு, அப்புறம் தோல் வச்ச புது மாடல் தலைப்பாகை, பாக்க தொப்பி மாதிரி. தொப்பி போட்டா கிறிஸ்தவனா மாத்தப் போறாங்கன்னு பேச்சு, தோல் பசுவா பன்னியான்னு இன்னொரு பேச்சு. இதை எல்லாம் சிப்பாய்ங்க மனசுலயே வச்சுக்கல, மே மாசமே வேலூர்ல ஒரு பட்டாலியன் தலைப்பாகையை போட மாட்டோம்னு வெளிப்படையா சொல்லிடுச்சு. அப்ப உக்காந்து பேசியிருந்தா முடிஞ்சுபோற விஷயம். எதிர்த்தவங்களை மெட்ராஸுக்கு கொண்டு போய் கோர்ட் மார்ஷல், கசையடி. பட்டாலியனையே மாத்திட்டாங்க.

எனக்கு இதுல ரொம்ப உறைக்கறது முஸ்தபா பேக் விஷயம்தான். ஜூன் மாசம் இந்த சிப்பாய் தன் கர்னல்கிட்ட போயி, சார் இங்க ஒரு சதி நடக்குது, வெள்ளைக்காரங்களை எல்லாம் கொல்லப் போறாங்கன்னு சொல்லிட்டான். கர்னல் என்ன பண்ணாரு, இந்திய ஆபீசருங்களை கூப்பிட்டு இவன் சொல்றது உண்மையான்னு விசாரிக்கச் சொன்னாரு, அதுல சதியில இருந்தவங்களே இருந்தாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டே இவன் பைத்தியம் சார்ன்னு சொல்லிட்டாங்க. முஸ்தபா பேக்கை பிடிச்சு உள்ள போட்டாச்சு. ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுது, 69-வது ரெஜிமென்ட் வெள்ளைக்கார சிப்பாய்ங்க தூங்கிட்டிருந்த பேரக்குக்குள்ள நம்ம சிப்பாய்ங்க சுட்டாங்க, ஆபீசருங்களோட சேத்து நூத்துக்கு மேல செத்தாங்க, கோட்டை கமாண்டர் ஃபேன்கோர்ட்டும் போனாரு. ஆற்காட்டுலருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்து சில மணி நேரத்துல அடக்கிட்டாரு, அடக்கினதுன்னா சாதாரணமா இல்ல, பிடிபட்டவங்களை சுவத்தோரம் நிறுத்தி சுட்டாங்க, சிப்பாய்ங்க தரப்புல முந்நூறுக்கு மேல செத்ததா கணக்கு. அப்புறம்தான் பைத்தியத்தை வெளிய விட்டு பரிசும் பென்ஷனும் குடுத்தாங்க. தலைப்பாகை ஆர்டர் வாபஸ், கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்கையும் லண்டன் திரும்பக் கூப்பிட்டுடுச்சு.

சுதந்திரப் போர்னு நாம இன்னிக்கு கொண்டாடறோம், அது சரி, நான் அதுக்குள்ள போகல. ஒரு கமாண்டரோட பக்கத்துலருந்து பாருங்க. ஆளுங்க குறை சொன்னாங்க, அடிச்சான். ஒருத்தன் வந்து ஆபத்துன்னு சொன்னான், பூட்டினான். அதுக்கப்புறம் எவன் வந்து சொல்லுவான்? இப்ப ஆர்மில மாசாமாசம் சைனிக் சம்மேளன்னு எல்லாரையும் கூட்டி 'பாயின்ட் இருக்கா'ன்னு, அதாவது குறை ஏதாவது இருக்கான்னு, கேக்கறாங்கன்னு சொல்றாங்களே, அதுல எழுந்து நின்னு பாயின்ட் சொன்ன பையனுக்கு அடுத்த வாரம் என்ன ஆவுதுன்னு பாத்தாலே அந்த யூனிட் எப்படின்னு தெரிஞ்சுடும்னு நினைக்கறேன். சர்வீஸ்ல இருந்தவங்க தப்புன்னா திருத்துங்க.

நல்ல உதாரணமும் ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு. நெடுநல்வாடை கடைசியில வாடைக்காத்து அடிக்கற பாதிராத்திரி, தூறல் வேற, பாண்டிய ராஜா தூங்காம பாசறையில காயம்பட்டவங்களை பாத்துக்கிட்டே நடப்பான், முன்னாடி ஒருத்தன் வேல்ல வேப்பந்தழை கட்டிக்கிட்டு இவன் இன்னான், இவனுக்கு இப்படி காயம்னு காட்டிக்கிட்டே போவான். மேல் துணி நழுவும், ஒரு கையால பிடிச்சுப்பான். சண்டையை விரிச்சு காட்டாம அந்த நடையைத்தான் காட்டியிருக்காங்க.

எக்ஸ்_சுபேதார்_கம்மவான்பேட்டை:

கோட்டை தம்பி, திருத்த ஒண்ணும் இல்ல. பாயின்ட் சொன்னவனுக்கு அடுத்த மாசம் ஃபேட்டிக் டூட்டி (எடுபிடி வேலை) அதிகமா விழுந்தா அதுக்கப்புறம் சம்மேளன்ல எல்லாரும் 'சப் டீக் ஹை சாப்' (எல்லாம் சரியா இருக்கு சாப்)தான். அந்த வார்த்தையை மூணு மாசம் தொடர்ந்து கேட்டா சிஓ பயப்படணும்.

சித்தூர்க்காரி:

நான் இங்க எதிர் கருத்து சொல்லலாமா? சித்தூர்ல இருக்கோம், எங்க அப்பாவும் ஆர்மி, இப்ப என் தம்பி அக்னிவீரா போயிருக்கான். எல்லாரும் ஆபீசர் எப்படி நம்பிக்கையை சம்பாதிக்கறதுன்னு பேசறீங்க. சம்பாதிச்ச பின்னாடி அதை வச்சு என்ன பண்றாங்கன்னு யாரும் கேக்கலயே.

சீனாவுல ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி வூ ச்சின்னு ஒரு தளபதி. கடைசி சிப்பாய் என்ன சாப்பிடறானோ அதையே சாப்பிடுவான், அவனோடயே படுப்பான், தன் மூட்டையை தானே தூக்குவான். ஒரு சிப்பாய்க்கு கட்டி வந்து சீழ் பிடிச்சப்ப தன் வாயால உறிஞ்சி எடுத்தான். அது தெரிஞ்சு அந்தப் பையனோட அம்மா அழுதாங்க. என்னம்மா, உன் புள்ளைக்கு தளபதியே இப்படி பண்ணியிருக்காரு, பெருமைதானேன்னு கேட்டா, 'இவன் அப்பாவுக்கும் இப்படித்தான் உறிஞ்சினாரு, அவர் பின்வாங்கவே மாட்டேன்னு போய் செத்துட்டாரு, இப்ப இவனுக்கும் பண்ணிட்டாரு, இவன் எங்க சாகப் போறானோ'ன்னு சொன்னாங்களாம். நீங்க எல்லாம் அந்த தளபதியா இருந்து யோசிக்கறீங்க, எங்க வீட்ல இருக்கறது அந்த அம்மா.

சுபேதார் சார் சொன்ன நிலத்து லெட்டர், தந்தி எல்லாம் பதினஞ்சு இருபது வருஷம் ஒரே பல்டன்ல இருக்கறவங்களுக்கு சரி. என் தம்பிக்கு நாலு வருஷம். நூத்துக்கு 25 பேரைத்தான் அப்புறம் வச்சுப்பாங்க. லீவும் மத்த ஜவானுக்கு வருஷம் 60 நாள் ஆனுவல் லீவுன்னா இவங்களுக்கு 30. இவனை யாரு அவ்ளோ தெரிஞ்சுக்கப் போறாங்க, கூட இருக்கறவனே நாளைக்கு அந்த 25-க்கு போட்டி போடறவன்தானே. வியட்நாம்ல அமெரிக்காக்காரங்க சிப்பாய்க்கு 12 மாசம், ஆபீசருக்கு கமாண்ட் 6 மாசம்னு மாத்திக்கிட்டே இருந்தாங்க, ஆபீசர் வேலையை கத்துக்கறதுக்குள்ள கிளம்பிடுவாரு, கடைசியில சொந்த ஆபீசர் கூடாரத்துக்குள்ளயே கையெறி குண்டை உருட்டி விடற அளவுக்குப் போச்சு. அந்த அளவுக்கு இங்க ஆகும்னு சொல்லல, ஆனா பழக டைம் வேணுமா வேணாமா?

பரதராமி தம்பி, உனக்கு கீழயும் அக்னிவீர் பசங்க இருப்பாங்க. அவங்களை நாலு வருஷ விருந்தாளியா பாக்காத. அவ்ளோதான் என் வேண்டுகோள்.

எக்ஸ்_சுபேதார்_கம்மவான்பேட்டை:

அம்மா நீ சொன்னது நெஞ்சுல குத்துது, நியாயம்தான். ஸ்கீம் நல்லதா கெட்டதான்னு நான் இங்க பேச மாட்டேன், பேசினா நம்ம டீக்கடை மாதிரி விடிஞ்சுடும். ஒண்ணு மட்டும் சொல்றேன், பையன் செக்ஷன்ல சேந்து முதல் பனிக்காலம் ஒண்ணா போஸ்ட்ல இருந்துட்டு வந்தான்னா பட்டியல்ல இவன் பர்மனென்டு இவன் அக்னிவீர்னு எவனும் பாக்க மாட்டான். சீனா சண்டையில, லடாக் ரெசாங் லா கணவாய்ல 1962 நவம்பர்ல மேஜர் ஷைத்தான் சிங் கம்பெனி, நூத்தி இருபது பேர்கிட்ட இருந்தாங்க, 114 பேரு போனாங்க, அடுத்த பிப்ரவரி போய் பாத்தா துப்பாக்கியை பிடிச்சபடியே உறைஞ்சு கிடந்தானுங்க. மேஜர் ஒவ்வொரு பிளட்டூனா ஓடிட்டே இருந்தாரு, அடிபட்டப்ப என்னை விட்டுட்டு போங்கன்னுட்டாரு. அந்தப் பசங்க சர்வீஸ் கணக்கு பாத்தா நின்னாங்க? ஆனா லீவு விஷயத்துல நீ சொல்றது சரி, 30 நாள் பத்தாது, அதுலயும் ரயில்லயே பல நாள் போயிடும், நம்ம ஊருக்கு ஹிம்சாகர்ல வந்து இறங்கறதுக்குள்ள தாடி வளர்ந்துடும்.

பரதராமி_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தூர் அக்கா, கண்டிப்பா. அந்த சீனா அம்மா கதையை எங்கம்மாவுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரே ஒரு டவுட், சுபேதார் சாபுக்கு. ஃபீல்டுல நான் ஒண்ணு முடிவு பண்றேன், ஜேசிஓ சாப் வேணாம் வேற வழியா போலாம்ங்கறாரு, எனக்கு அவர் சொல்றது தப்புன்னு தோணுது. பசங்க எல்லாம் பாத்துட்டு இருக்காங்க. அவர் பேச்சை கேட்டா எனக்கு முதுகெலும்பு இல்லம்பாங்க, கேக்கலன்னா அனுபவசாலியை மதிக்கலம்பாங்க. என்ன பண்றது?

எக்ஸ்_சுபேதார்_கம்மவான்பேட்டை:

பசங்க பாத்துட்டு இருக்கற இடத்துல பேச்சே வரக்கூடாது, அதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி சாபை தனியா கூப்பிட்டு மேப்பை விரிச்சு வச்சு, ஒரு டீயைக் குடிச்சினு, 'சாப் நீங்க இருந்தா எப்படி போவீங்க'ன்னு மொதல்ல அவரைக் கேளு, உன் பிளானை சொல்றதுக்கு முன்னாடி. பத்துல எட்டு தடவை அவர் சொல்றது சரியா இருக்கும், எடுத்துக்கோ, பசங்ககிட்ட 'சாப் சொன்ன ரூட்டு'ன்னு அவர் பேரைச் சொல்லியே சொல்லு. மீதி ரெண்டு தடவை உனக்கு வேற தோணுச்சுன்னா காரணத்தை சொல்லிட்டு உன் முடிவையே எடு, நல்ல ஜேசிஓ 'டீக் ஹை சாப்'னு சொல்லிட்டு தன்னோட பிளான் மாதிரியே நின்னு நடத்திக் குடுப்பான். அது சொதப்பிச்சுன்னா சிஓ முன்னாடி 'சாப்தான் சொன்னாரு'ன்னோ 'எல்லாரும் சேந்து எடுத்த முடிவு'ன்னோ வாயைத் திறக்காத. 'என் ஆர்டர் சார்', முடிஞ்சுது. அந்த ஆபீஸ் வாசல்ல நிக்கிற ரன்னர் காதுல விழுந்தா சாயந்திரம் ரோல் காலுக்குள்ள கம்பெனி முழுக்க தெரிஞ்சுடும்.

பேர்ணாம்பட்டு_டிரைவர்:

ரன்னருக்கு முன்னாடி டிரைவருக்குத் தெரிஞ்சுடும் சாப் 😀 அது இருக்கட்டும், உங்க சித்தூர் ஜில்லா நிலம் என்னாச்சு கடைசியில? ரெண்டு கலெக்டர் லெட்டர் வேலை செஞ்சுதா?

எக்ஸ்_சுபேதார்_கம்மவான்பேட்டை:

கேஸ் இன்னும் கோர்ட்லதான் கீது. பங்காளி மட்டும் லெட்டர் வந்த வாரமே வரப்பை பழைய இடத்துக்கு நகர்த்திட்டான்.